நாட்கூலியும் மாதச் சம்பளமும் – செந்தூல் ரயில்வேத் தொழிலாளர் வேலைநிறுத்தம் புகட்டும் பாடம்

அரசாங்க ஊழியர் வேலைநிறுத்தம் செய்தனர் என்ற செய்தி காதில் விழுந்த மாத்திரத்தே மக்களிடையே இருவகைப் பேச்சு எழுவது எக்காலத்தும் இயல்பு. “வயிற்றுக்கில்லாதவன் செய்தாலும் பொறுக்கலாம், அரசாங்கத்தில் இருப்பவனுக்கு என்ன குறை?” என்பர் ஒரு சாரார். “குறை இல்லாமலா தெருவில் வந்து நிற்கிறான்?” என்பர் மற்றொரு சாரார். இவ்விரண்டில் எது சரியெனத் தீர்ப்புக் கூறுதல் எளிதன்று. ஆயினும் தீர்ப்புக் கூறுமுன் வழக்கை அறிதல் வேண்டும் அன்றோ? நம் நாட்டில் அவ்வழக்கை அறிதற்கு ஏற்ற இடம் செந்தூல். ஏற்ற சான்று, 1962 டிசம்பரில் தொடங்கி 1963 ஜனவரியில் முடிவுற்ற மலாயா ரயில்வேத் தொழிலாளர் வேலைநிறுத்தம். இருபத்திரண்டு நாள் நீடித்த அப்போராட்டம் எதற்காக நடந்தது, மக்கள் அதனை எவ்வாறு நோக்கினர், அதிலிருந்து நாம் கற்பது யாது என்பனவற்றை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

பட்டறையும் ஊரும்

மலாயாவில் முதல் இருப்புப்பாதை 1885-இல் தைப்பிங்குக்கும் போர்ட் வெல்டுக்கும் இடையே போடப்பட்டது. மறு ஆண்டே, 1886-இல், கோலாலம்பூரையும் கிள்ளான் பகுதியையும் இணைக்கும் பாதை திறக்கப்பட்டது. தனித்தனியே இயங்கிய இப்பாதைகள் 1901-இல் ஒரே நிருவாகத்தின்கீழ் வந்தன. வண்டிகள் பெருகவே, அவற்றைப் பழுது பார்க்கவும் பெட்டிகளைக் கட்டவும் ஒரு பெரிய நடுவண் பட்டறை தேவையாயிற்று. அது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோலாலம்பூர் நகருக்கு வடக்கே செந்தூலில் எழுந்தது. செந்தூல் வளர்ந்த வரலாறு பெரும்பாலும் அப்பட்டறையின் வரலாறே எனலாம்.

தண்டவாளம் போட்டவர்களும், சிலிப்பர் கட்டை சுமந்தவர்களும், கொல்லுலையில் நின்றவர்களும் ஆகிய பெருந்தொகையினர் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். நிலைய அதிகாரிகளாகவும் கிராணிமார்களாகவும் யாழ்ப்பாணத் தமிழர் பலர் அமர்ந்தனர். மலாய்க்காரர், சீனர், பஞ்சாபியர் ஆகியோரும் உடன் உழைத்தனர். பிரிக்பீல்ட்ஸிலும் செந்தூலிலும் ரயில்வேக் குடியிருப்புகள் எழுந்தன. குடியிருப்புகளைச் சுற்றிக் கோயில்களும் பள்ளிகளும் கடைகளும் தோன்றின. பட்டறையில் பயின்ற கைத்தொழில் தந்தையிடமிருந்து மகனுக்குச் சென்றது.

இப்பட்டறையின் முக்கியத்துவத்தைப் பகைவரும் அறிந்திருந்தனர். ஜப்பானியர் ஆட்சியின் கடைசி மாதங்களில், 1945 பிப்ரவரியிலும் மார்ச்சிலும், நேச நாட்டுப் படையின் பெரிய குண்டுவீச்சு விமானங்கள் இப்பட்டறையையே குறிவைத்துத் தாக்கின. பட்டறை நின்றால் ரயில் நிற்கும். ரயில் நின்றால் நாட்டின் போக்குவரத்தே நிற்கும் என்பது போர்த் தலைவர்களின் கணக்கு. அதே கணக்கினைப் பதினேழு ஆண்டுகளுக்குப் பின் தொழிலாளரும் போட்டனர். வேறுபாடு யாதெனின், அவர்கள் கையில் இருந்தது குண்டன்று, கட்டிய கை.

நாட்கூலி என்னும் நிலை

வேலைநிறுத்தத்தின் நடுவே இருந்த கோரிக்கை கூலி உயர்வு மட்டும் என்று எண்ணுதல் தவறு. நாட்கூலி பெறும் தொழிலாளரை மாதச் சம்பளக்காரராக மாற்ற வேண்டும் என்பதே அக்கோரிக்கை. இதன் பொருளை இன்றைய இளைஞர் உடனே உணர்தல் அரிது. ஆகவே சற்று விளக்குதல் நலம்.

மாதச் சம்பளக்காரர் எனின், அரசாங்கம் அவரை ஓர் ஊழியராக ஏற்றுக்கொண்டது என்பது பொருள். அவருடைய ஊதியம் மாதத்திற்கு இவ்வளவென்று நிலைபெற்றது. விடுப்பு, மருத்துவ வசதி, ஓய்வுக்காலப் பாதுகாப்பு முதலியவை அந்நிலையைத் தொடர்ந்து வருவன. நாட்கூலிக்காரர் எனின், அவருடைய உழைப்பை அரசாங்கம் நாள் கணக்கில் வாங்குகிறது என்பதே பொருள். அவர் முப்பது ஆண்டு ஒரே பட்டறையில், ஒரே இயந்திரத்தின் முன் நின்றிருக்கலாம். ஆயினும் ஏட்டில் அவர் அன்றன்றைக்கு வந்து போகும் ஆள். ஒரே வண்டியைப் பழுது பார்க்கும் இருவருள் ஒருவர் அரசாங்கத்தின் ஊழியர். மற்றவர் அரசாங்கத்தின் கூலியாள். காசில் இருந்த வேற்றுமையினும் இம்மதிப்பில் இருந்த வேற்றுமையே மனத்தை உறுத்தியது.

இவ்வேற்றுமைக்குக் காரணம் உண்டு. காலனி ஆட்சிக்காலத்தில் கூலியாள் என்பவன் சில ஆண்டு உழைத்துவிட்டுத் தன் ஊருக்குத் திரும்புவான் என்பது ஆட்சியாளர் எண்ணம். திரும்பிச் செல்பவனுக்கு நிலையான பதவி எதற்கு என்று கருதினர். ஆனால் 1957-இல் நாடு விடுதலை பெற்றது. செந்தூல் தொழிலாளி இந்நாட்டின் குடிமகனானான். அவன் பிள்ளைகள் இங்கேயே பிறந்து இங்கேயே படித்தனர். குடிமகனாக ஏற்கப்பட்டவன் பட்டறையில் மட்டும் நாட்கூலியாகவே இருப்பதா? இதுவே அன்று எழுந்த வினா.

இருபத்திரண்டு நாட்கள்

தொழிற்சங்கங்களுக்கு இந்நாட்டில் சட்டப்படியான இடம் 1940-களில்தான் வகுக்கப்பட்டது. 1948-இல் அவசரகாலம் பிறந்தபோது பல சங்கங்கள் கலைந்தன. தலைவர்கள் சிலர் சிறை சென்றனர். சிலர் உயிரையும் இழந்தனர். மலாயாத் தொழிற்சங்கக் கூட்டமைப்பின் தலைவராயிருந்த எஸ். ஏ. கணபதி 1949 மே மாதம் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அக்கொடிய அச்சம் விலகாத காலத்தில், மிதமான வழியில் சங்கங்கள் மீண்டும் மெல்ல எழுந்தன. 1957-இல் அரசாங்க ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பாகிய கியூபெக்ஸ் தோன்றியது. 1960 ஜூலை இறுதியில் அவசரகாலமும் முடிவுற்றது.

இந்நிலையில், பேச்சுவார்த்தையால் உடன்பாடு காணாத மலாயா ரயில்வேத் தொழிலாளர் சங்கம் 1962 டிசம்பர் பிற்பகுதியில் வேலைநிறுத்தத்தில் இறங்கியது. முன்னின்று நடத்தியோருள் டொனால்ட் யூரென் ஒருவர். சங்கத்தில் எல்லா இனத்தவரும் இருந்தனர். நாட்கூலி என்னும் நிலை இனம் பார்த்து வருத்துவதில்லை. ஆகையால் அதனை எதிர்த்த கூட்டமும் இனம் பார்த்துக் கூடவில்லை. தமிழர் மிகுந்திருந்த செந்தூலுக்கு இதில் தனிப் பங்கு உண்டு. ஆயினும் இது தமிழர் போராட்டம் மட்டுமன்று என்பதையும் நாம் நேர்மையுடன் குறித்தல் வேண்டும்.

காலமோ கடுமையானது. அதே டிசம்பர் 8-ஆம் நாள் புருணையில் கிளர்ச்சி வெடித்திருந்தது. மலேசியா அமைப்பதைப் பற்றிய வாதம் சூடேறியிருந்தது. வேலைநிறுத்தம் முடிந்த சில நாளில், 1963 ஜனவரி 20-இல், இந்தோனேசியா தன் எதிர்ப்புக் கொள்கையை வெளிப்படையாக அறிவித்தது. இத்தகைய நேரத்தில் ரயில்கள் நின்றன. சரக்கு தேங்கியது. பயணம் செய்வோர் பேருந்துகளையும் வாடகை வண்டிகளையும் நாடினர். நாடு நெருக்கடியில் இருக்கையில் இது தகுமா என்று கேட்டவர் உண்டு. நாடு எங்களுடையதும் அன்றோ என்பது மறுதரப்பின் விடை.

இருபத்திரண்டு நாட்களுக்குப் பின் பேச்சுவார்த்தையின் வழியே போராட்டம் முடிந்தது. நாட்கூலியினர் மாதச் சம்பள நிலைக்கு மாறுவதற்கு வழி திறந்தது. அரசாங்க ஊழியர் வேலைநிறுத்தங்களுள் தன் நோக்கத்தை எய்திய ஒன்றாக இது தொழிற்சங்க வரலாற்றில் இடம் பெற்றுள்ளது.

தோட்டத்து மக்கள் கண்ட காட்சி

இப்போராட்டத்தை நகர மக்கள் கண்டவிதம் வேறு. தோட்டத்து மக்கள் கண்டவிதம் வேறு. நான் தோட்டத்திற் பிறந்தவன். வேலைநிறுத்தம் நடந்தபோது நான் பிறக்கவில்லை. எனினும் எங்கள் வீட்டில் அது பலமுறை சொல்லப்பட்ட கதை.

என் தாய்மாமன் செந்தூல் பட்டறையில் நாட்கூலியாக இருந்தவர். வேலைநிறுத்தத்தின் இரண்டாவது வாரத்தில் வீட்டில் அரிசி குறையவே, மனைவியையும் இரு குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு தோட்டத்து லயத்திற்கு வந்து சேர்ந்தார். மார்கழி மழை, பால்மரம் வெட்ட முடியாத நாள் பல. வருவாய் குறைந்த அவ்வீட்டில் மேலும் நான்கு வாய்கள். என் பாட்டனார் பொறுமைசாலி; ஆயினும் ஒரு நாள் இரவு கேட்டுவிட்டாராம்.

“ஏண்டா தம்பி, மாசம் பொறந்தா சம்பளம் வருதில்ல? இன்னும் என்னடா கொறை ஒனக்கு?”

மாமன் தலையைக் குனிந்தவாறே சொன்ன விடையை என் தாயார் இறுதிவரை மறக்கவில்லை.

“மாசம் பொறந்தா வருதுப்பா. ஆனா அது மாசச் சம்பளம் இல்லப்பா.”

பாட்டனாருக்கு அது விளங்கவில்லை. விளங்காததும் அவர் குற்றமன்று. தோட்டத்தில் எல்லாருமே நாட்கூலி. மழை பெய்தால் வேலை இல்லை. வேலை இல்லையேல் கூலி இல்லை. அவருக்கு ரயில்வே வேலை என்பது மேட்டில் இருப்பவன் வேலை. மேட்டில் இருப்பவன் இன்னும் உயரம் கேட்கிறான் என்றே அவர் கண்ணுக்குப் பட்டது. ஆயினும் அவர் மகனுக்குச் சோறு போட்டார். பேரப்பிள்ளைகளைத் தம் பங்கிலிருந்து ஊட்டினார். அவர் உடன்பட்டதும் இல்லை; கைவிட்டதும் இல்லை. அரசாங்க ஊழியரின் வேலைநிறுத்தத்தை எளிய மக்கள் எவ்வாறு நோக்குகின்றனர் என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டினை நான் நூல்களிற் கண்டதில்லை.

இங்கே ஓர் உண்மை புலனாகிறது. வேலைநிறுத்தத்தால் இன்னலுறும் மக்கள் எண்ணுவது நின்றுபோன நாட்களை. செய்பவர் எண்ணுவது அதற்கு முன் கழிந்த ஆண்டுகளை. ஒருவர் 22 என்கிறார். மற்றவர் 30 என்கிறார். ஒன்று நாட்கணக்கு, ஒன்று ஆண்டுக்கணக்கு. இரண்டும் மெய். ஆனால் நாளேடுகளில் முதற்பக்கத்தில் வருவது முதற்கணக்கே.

சட்டம் வந்தது

வெற்றிக்கும் விலை உண்டு. இந்தோனேசிய எதிர்ப்பு முற்றிய 1965-இல், இன்றியமையாப் பணிகளில் வேலைநிறுத்தத்தைத் தடுக்கவும், தகராறுகளைக் கட்டாய நடுவர் தீர்ப்புக்கு உட்படுத்தவும் அரசாங்கம் அவசர விதிகளைப் பிறப்பித்தது. அவ்வழியைத் தொடர்ந்து 1967-இல் தொழில் உறவுச் சட்டம் நிறைவேறியது. 1978, 1979-ஆம் ஆண்டுகளில் விமானப் போக்குவரத்து ஊழியர் தகராறு முற்றியபோது தொழிற்சங்கத்தார் பலர் காவலில் வைக்கப்பட்டனர். 1980-இல் சட்டங்கள் மேலும் இறுக்கப்பட்டன. வேலைநிறுத்தம் என்ற சொல் ஏட்டில் உரிமையாக நின்றது. நடப்பில் அரிதாகிப் போயிற்று.

இவ்விறுக்கத்தை முற்றிலும் தீயதென்று கூறிவிட முடியுமா? முடியாது. குடிநீரும் மருத்துவமும் மின்சாரமும் ஒரு நாள் நின்றாலும் துன்புறுபவன் முதலாளியல்லன், ஏழையே. தனியார் ஆலையில் வேலை நின்றால் இழப்பு ஆலை முதலாளிக்கு. அரசாங்கப் பணியிலோ முதலாளி என்று ஒருவர் இல்லை. பொதுமக்களே முதலாளி, பொதுமக்களே வாடிக்கைக்காரர். ஆகவே இப்போராட்டங்களின் வெற்றி தோல்வி, பேச்சு மேசையில் பாதியும் மக்கள் மனத்தில் பாதியுமாக முடிவாகிறது.

கடல் கடந்த சான்றுகள்

இதற்கு அண்டை நாடுகளிலும் சான்று உண்டு. இந்தியாவில் 1974 மே 8-ஆம் நாள் ஜார்ஜ் பெர்னாண்டஸ் தலைமையில் தொடங்கிய மாபெரும் ரயில்வே வேலைநிறுத்தம் இருபது நாளில் கோரிக்கை நிறைவேறாமலே கைவிடப்பட்டது, ஆயிரக்கணக்கானோர் சிறைப்பட்டனர். இலங்கையில் 1980 ஜூலையில் ஊதிய உயர்வு கோரி வேலைநிறுத்தம் செய்த அரசாங்க ஊழியருள் ஏறத்தாழ 40,000 பேர் வேலை இழந்தனர். குடும்பங்கள் பல சிதைந்தன.

தமிழ்நாட்டில் 2003 ஜூலையில் அரசு ஊழியரும் ஆசிரியரும், குறைக்கப்பட்ட ஓய்வூதியச் சலுகைகள் முதலியவற்றை மீட்கப் போராடினர். இன்றியமையாப் பணிச் சட்டத்தின்கீழ் ஏறத்தாழ 1,70,000 பேர் ஒரே வீச்சில் பணிநீக்கம் செய்யப்பட்டனர். அரசின் கடுமையைப் பொதுமக்களில் பலர் அன்று வரவேற்றனர். அரசாங்க அலுவலகத்தில் காத்துக் கிடந்த கசப்பு அவ்வாறு பேசியது. ஆகஸ்டு 6-ஆம் நாள் இந்திய உச்சநீதிமன்றம், அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்யும் உரிமை இல்லை என்று கூறியது. நீக்கப்பட்டோரில் பெரும்பாலோர் பின்னர்ப் பணிக்குத் திரும்பினர். அடுத்த ஆண்டு நாடாளுமன்றத் தேர்தலில் ஆளுங்கட்சி தமிழ்நாட்டில் ஓரிடமும் பெறவில்லை. காரணங்கள் பல, ஊழியர் மனக்கசப்பும் அவற்றுள் ஒன்றாகக் கருதப்பட்டது.

இவற்றோடு செந்தூலை ஒப்பிட்டால் ஒன்று விளங்கும். செந்தூலின் கோரிக்கை ஒரே வாக்கியத்தில் அடங்கியது: “எங்களை மாதச் சம்பளக்காரராக்குங்கள்.” படிக்காதவனுக்கும் அதனைச் சொல்லிப் புரியவைக்கலாம். சம்பள விகிதங்களும் படிகளும் நிரம்பிய நீண்ட பட்டியலை மக்கள் நெஞ்சில் ஏற்றுவது கடினம். மதிப்பினைக் கேட்பவனுக்கும் மிகுதியைக் கேட்பவனுக்கும் உள்ள வேறுபாட்டை மக்கள் உணராமல் இருப்பதில்லை. ஆனால் அவர்களிடம் சொல்லுவாரும் வேண்டும்.

மீண்டும் அதே வினா

பழங்கதையை ஏன் கிளறுகிறாய் என்று கேட்பார் இருக்கலாம். 2021 ஜூலை 26-ஆம் நாளை நினைவூட்ட விரும்புகிறேன். பெருந்தொற்று கொடுமையாகப் பரவிய வேளை. நம் நாட்டின் அரசாங்க மருத்துவமனைகள் பலவற்றில் ஒப்பந்த மருத்துவர்கள் கறுப்பு உடையணிந்து சிறிது நேரம் வெளியே வந்து நின்றனர். 2016 இறுதியில் தொடங்கிய ஒப்பந்த முறையால் ஆயிரக்கணக்கான இளம் மருத்துவர்கள் நிலையான பதவியும் மேற்படிப்பு வாய்ப்பும் இன்றி இருந்தனர். நோயாளிகளைக் கவனிக்கச் சக மருத்துவர்கள் உள்ளே இருந்தனர்.

அப்போது பள்ளிகள் மூடப்பட்டுக் கைப்பேசி வழியே பாடம் நடந்துவந்தது. ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டாள்: “ஐயா, டாக்டரே வெளிய போயிட்டா நோயாளி என்ன ஆவாங்க?” நல்ல வினா. அது என் பாட்டனாரின் வினாவின் மறுபிறப்பு. அன்று அவளுக்கு நான் செந்தூல் கதையைச் சொன்னேன். மாமனின் விடையையும் சொன்னேன். சிறிது நேரம் கழித்து அவள், “அப்ப டாக்டரும் நாட்கூலியா ஐயா?” என்றாள். ஆம் என்றும் சொல்ல இயலவில்லை; இல்லை என்றும் சொல்ல இயலவில்லை. பட்டம் பெற்ற மருத்துவரையும் பட்டறைத் தொழிலாளியையும் ஒரே தட்டில் வைத்தல் பொருந்தாது. எனினும் இருவரும் கேட்டது ஒன்றே: “எங்கள் உழைப்பு நிலையாகத் தேவைப்படும்போது, நாங்கள் மட்டும் ஏன் நிலையற்றவர்?”

செந்தூல் இன்று பெரிதும் மாறிவிட்டது. 1992-இல் ரயில்வே அரசாங்க இலாகா என்ற நிலையிலிருந்து நிறுவனமாக மாற்றப்பட்டது. பட்டறை வேலைகள் பத்து காஜாவுக்குச் சென்றன. பழைய ரயில்வே நிலத்தில் 2005-இல் நாடக அரங்கம் எழுந்தது. வானளாவிய வீடுகளும் எழுந்துள்ளன. கொமுட்டர் வண்டியில் வந்திறங்கும் இளைஞர் பலருக்கு இங்கே கொல்லுலைகள் எரிந்ததே தெரியாது.

ஆனால் நாட்கூலி மறைந்துவிட்டதா? என் பள்ளியின் வாசலைக் கூட்டும் அம்மையார் பல்லாண்டாக எங்களுடன் இருக்கிறார். பிள்ளைகள் அனைவர் பெயரும் அவருக்குத் தெரியும். ஆனால் அவர் பள்ளியின் ஊழியர் அல்லர், குத்தகைக்காரரின் ஆள். குத்தகை மாறும்போதெல்லாம் அவர் மீண்டும் புதிய ஆள். மூப்பும் விடுப்பும் முதலிலிருந்து தொடங்கும். அரசாங்கச் சம்பளம் பெறும் நான் ஒவ்வொரு காலையும் அவர் கூட்டிய வாசலைக் கடந்து என் அறைக்குப் போகிறேன். என் மாமன் பெற்ற விடுதலை அவரிடம் வந்து சேரவில்லை. அவர் ஒரு நாள் துடைப்பத்தைக் கீழே வைத்தால், “இவருக்கு என்ன குறை?” என்று கேட்கும் முதல் ஆள் நானாக இருந்துவிடக் கூடாது என்பதே என் அச்சம்.

ஆசிரியத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். செந்தூலிலும் பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் ரயில்வேயில் உழைத்த முதியோர் இன்னும் சிலர் உள்ளனர். உழைத்தோரின் மக்கள் பலர் உள்ளனர். அந்த இருபத்திரண்டு நாட்களில் அடுப்பு எவ்வாறு எரிந்தது, யார் அரிசி கொடுத்தார், யார் ஏசினார் என்று மாணவரை அனுப்பிக் கேட்டு எழுதச் செய்யுங்கள். ஆதரித்தவர் சொல்லையும் எதிர்த்தவர் சொல்லையும் ஒருங்கே பதியச் செய்யுங்கள். வேலைநிறுத்தம் சரியா தவறா என்பதைப் பிள்ளைகள் வளர்ந்தபின் தாமே முடிவு செய்யட்டும். நாட்களை மட்டுமன்றி ஆண்டுகளையும் எண்ணிப் பார்த்து முடிவு செய்யும் பழக்கத்தை அவர்களுக்குத் தருவது நம் கடமை.